ஃப்ரீசருக்குள் போன மூட்டுக் குருத்தெலும்பு... உள்ளே என்ன நடக்கிறது?

ஃப்ரீசரில் தக்காளியை வைத்துவிட்டு மறந்துபோன அனுபவம் உங்களுக்கு இருக்கிறதா? எடுக்கும்போது கல்லு மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் தொளதொளவென்று தண்ணீர் விட்டுக் கிடக்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரியும். அந்தப் பனித்துகள்கள் செல்களைக் கிழித்துவிட்ட பிறகு தக்காளி பழைய தக்காளி ஆகாது.

இறந்தவர்களிடம் தானமாகப் பெறும் மூட்டுக் குருத்தெலும்பைப் பாதுகாப்பதிலும் இதே தலைவலிதான்.

ஆட்டுக்கால் எலும்பின் நுனியில் வெள்ளையாக, வழவழன்னு ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதுதான் குருத்தெலும்பு. நம் முழங்காலிலும் சில மில்லிமீட்டர் தடிமனில் இருக்கிறது. அதில் 65 முதல் 80 சதவிகிதம் வரை தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பது கொலாஜன் நார்களாலான வலையும், அதற்குள் சிக்கியிருக்கும் புரோட்டியோகிளைக்கான் மூலக்கூறுகளும். இந்த வலையைப் பராமரிக்கும் செல்கள் மிகக் குறைவு. மொத்தக் கன அளவில் சில சதவிகிதம்தான்.

உறையவைத்தால் முதலில் அடிவாங்குவது அந்தச் செல்கள்தான். மெதுவாகக் குளிர்வித்தால் செல்லுக்கு வெளியே பனி உருவாகும். மிச்சமுள்ள நீரில் உப்பு கூடிப்போய், செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி, அதை வற்றலாக்கிவிடும். சட்டென்று குளிர்வித்தால் பனி செல்லுக்குள்ளேயே உருவாகிக் குத்திக் கிழிக்கும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம்தான்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. கொலாஜன் வலை அவ்வளவு சீக்கிரம் அறுந்துபோகாது. அதனால் உருகிய பிறகும் குருத்தெலும்பு வெள்ளையாக, உறுதியாக, 'நல்லாத்தானே இருக்கு' என்று சொல்லும்படி இருக்கும். ஆனால், பராமரிக்க ஆளில்லாத வீடு எத்தனை நாள் தாங்கும்? உடம்பில் பொருத்திய பிறகு, நாளாக நாளாக மேற்பரப்பு மென்மையாகி, வெடிப்பு விடத் தொடங்கும்.

'எலும்பை மட்டும் மைனஸ் 70, 80 டிகிரியில் வைத்துப் பயன்படுத்துகிறார்களே?' என்று கேட்கலாம். எலும்புக்குள் ரத்தக்குழாய் நுழையும். நோயாளியின் செல்கள் உள்ளே குடியேறி அதைப் புதுப்பித்துவிடும். குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது. செத்த செல்லுக்குப் பதில் ஆள் வராது.

அதனால்தான் டாக்டர்கள் ஃப்ரீசரைத் தவிர்த்து, 4 டிகிரி குளிரில், ஊட்டக் கரைசலில் வைக்கிறார்கள். ஆனால், சுமார் 28 நாள்தான் கெடு. தொற்றுப் பரிசோதனைகளுக்கே அதில் இரண்டு வாரம் வரை போய்விடும். மிச்ச நாள்களுக்குள் அளவு பொருந்தும் நோயாளி கிடைத்து, ஆபரேஷனும் முடிய வேண்டும்!

இந்தக் கெடுவை நீட்டத்தான் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். பனியே உருவாகாமல், தண்ணீரைக் கண்ணாடி போல இறுகவைக்கும் முறை அது. கிளிசரால் உள்ளிட்ட சில ரசாயனங்களைப் பல மணி நேரம் படிப்படியாக ஊறவிட்டு, பிறகு திரவ நைட்ரஜனில் இறக்கினார்கள். 2012-ல் வெளியான முடிவின்படி, மனிதக் குருத்தெலும்பில் சுமார் முக்கால்வாசிச் செல்கள் பிழைத்தன. ரசாயனம் அதிகமானால் அதுவே செல்லுக்கு விஷம்; குறைந்தால் பனி. அந்த நூலிழையைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

ஒரு விஷயம்: இந்தச் சிகிச்சை பெரும்பாலும் விபத்திலோ விளையாட்டிலோ ஓரிடத்தில் குருத்தெலும்பு சேதமான இளவயதினருக்குத்தான். வயதானவர்களின் பரவலான மூட்டுத் தேய்மானத்துக்கு வழக்கமாகச் செய்வதில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது தானக் குருத்தெலும்பு பொருத்தலாம் என்று டாக்டர் சொன்னால், "ஃப்ரெஷ்ஷா, உறையவைத்ததா? எடுத்து எத்தனை நாளாச்சு?" என்று தயங்காமல் கேளுங்கள்.