போலீஸை அழைக்கவே பயந்தால்?

குடியேற்றச் சட்டத்தை உள்ளூர்ப் போலீஸும் அமல்படுத்தலாமா? அமெரிக்காவின் பல நகரமன்றங்களில் மக்கள் மைக் முன் வரிசைகட்டி நின்று வாதாடும் கேள்வி இது. மத்திய அரசோடு 287(ஜி) ஒப்பந்தம் போட்ட போலீஸ், ஒருவரின் குடியேற்ற நிலையை விசாரிக்கலாம், பிடித்தும் வைக்கலாம். 1996-லேயே வந்த சட்டப்பிரிவுதான். ஆனால், 2025-ல் ஒரே ஆண்டுக்குள் இந்த ஒப்பந்தங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

‘சட்டம் சட்டம்தான். குற்றம் செய்து சிறைக்கு வந்தவரை மத்திய அதிகாரிகளிடம் ஒப்படைத்தால் என்ன தவறு?’ என்று கேட்கிறார்கள் ஆதரவாளர்கள். சிறைக்குள் இருப்பவரைப் பற்றி அப்படிக் கேட்கலாம். நமக்குக் கவலை, வீட்டுக்குள் அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணைப் பற்றி.

கதவைத் தட்டும் போலீஸ் தன் விசாவைக் கேட்கும் என்று தெரிந்தால் அவள் 911-ஐ அழைப்பாளா? 2017-ல் இந்த விவாதம் டெக்சாஸில் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஹூஸ்டன் நகரப் போலீஸ் தலைமை ஒரு கணக்கை வெளியிட்டது. அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் ஹிஸ்பானிக் மக்களிடமிருந்து வந்த பாலியல் வன்கொடுமைப் புகார்கள், முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 40 சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தன. மற்ற மக்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஒரு சமூகத்தில் மட்டும் திடீரென்று குற்றம் குறைந்துவிட்டது என்று நம்ப முடியுமா? புகார்தான் குறைந்திருக்கிறது.

இது எல்லை தாண்டி வந்தவர்களின் பிரச்னை மட்டும் என்று நாம் ஒதுங்க முடியாது. ஹெச்-4 விசாவில் கணவரோடு போயிருக்கும் நம் பெண்கள் சட்டப்படிதான் அங்கே இருக்கிறார்கள். ஆனால், அவர்களின் விசா கணவரின் வேலையில் தொங்குகிறது. விவாகரத்து ஆனால் அந்த விசாவும் போய்விடும். ‘போலீஸுக்குப் போனா உன்னை ஊருக்கு ஏத்திவிட்டுடுவேன்’ என்று மிரட்டும் கணவனுக்கு இதைவிட வசதி வேறென்ன? விசா விசாரிக்கும் அதிகாரத்தையும் போலீஸிடம் கொடுத்துவிட்டால், அவன் மிரட்டலுக்கு அரசே முத்திரை குத்திக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

இத்தனைக்கும் அமெரிக்கச் சட்டமே இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கடுமையான குற்றங்களால் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு உதவுபவர்களுக்காக 2000-ல் ‘யு’ விசா கொண்டுவரப்பட்டது. ஆண்டுக்கு 10,000 பேருக்குக் கிடைக்கும். அதற்கு விண்ணப்பிக்க, போலீஸ் போன்ற விசாரணை அமைப்பு ஒன்று கையெழுத்திட்ட சான்று வேண்டும். அதாவது, அவள் போலீஸிடமோ அதுபோன்ற ஓர் அமைப்பிடமோ போயே ஆக வேண்டும். போகவே பயந்தால், அந்தச் சட்டம் யாருக்காக?

தவறாகப் பிடிபடும் ஆபத்து வேறு. பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் காலாவதியாகியிருக்கும், தங்கும் அனுமதியைக் காட்டும் ஐ-94 ஆவணம் செல்லுபடியில் இருக்கும். நம்மவர்கள் எத்தனையோ பேரின் நிலைமை இதுதான், இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஒப்பந்தப்படி தெருவில் இறங்கும் போலீஸுக்கு இப்போது தரப்படுவதோ சுமார் 40 மணி நேர இணையவழிப் பயிற்சி. வழக்கறிஞர்களே திணறும் சட்டத்தை, இரவு 11 மணிக்கு வாசலில் நின்று அவர் சரியாகப் படித்துவிடுவாரா?

லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1979-லேயே இதற்கு விடை கண்டது. ஒருவரின் குடியேற்ற நிலையைக் கண்டுபிடிப்பதற்காகப் போலீஸ் தானாக நடவடிக்கையில் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. கடுமைக்குப் பேர்போன டெக்சாஸின் 2017 குடியேற்றச் சட்டம்கூட, விசாரணைக்குத் தேவைப்பட்டால் தவிர, பாதிக்கப்பட்டவரிடமும் சாட்சியிடமும் குடியேற்ற நிலையைக் கேட்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் போடும் ஒவ்வொரு நகரமும் குறைந்தபட்சம் இதையாவது தன் போலீஸ் விதியில் எழுதிவைக்க வேண்டும்.

அங்குள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. பொங்கல் விழாவுக்கு வரும் புதுப்பெண்களிடம், உள்ளூர்ப் போலீஸின் விதி என்ன, நம்பகமான குடியேற்ற வழக்கறிஞர் யார், பெண்கள் உதவி மையம் எங்கே என்று எழுதிய ஒரு தாளைக் கொடுங்கள். கணவன் சொல்லும் சட்டம்தான் சட்டம் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கும்வரை, எந்த நகரமன்றத் தீர்மானமும் அவளைக் காப்பாற்றாது.