ஆயில் என்ஜின் அதிகம் சூடாகிறதா? காரணத்தைக் கண்டறியும் முறைகள்

மின் இணைப்புக்கு மனுச் செய்துவிட்டுக் காத்திருக்கும் விவசாயிகளுக்கு இன்றும் கைகொடுப்பது டீசல் ஆயில் என்ஜின்தான். காவிரி டெல்டாவில் வாய்க்காலில் தண்ணீர் வராத நாட்களில், பில்டர் பாயிண்டில் என்ஜினைப் பூட்டி இறைத்து நாற்றங்காலைக் காப்பாற்றுகிறவர்கள் பலர்.

கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொண்டால், என்ஜினைப் பிரித்து லைனரும் பிஸ்டனும் மாற்றி மீண்டும் பூட்டப் பல நாட்கள் ஆகிவிடும். செலவு ஒரு பக்கம், பயிர் வாடுவது மறு பக்கம். ஆனால் இந்தக் கோளாறு பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் வருவதில்லை. அறிகுறிகளைக் கவனித்தால் சிறு செலவோடு தப்பிக்கலாம்.

டீசல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பம்பைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மீதி வெப்பம் புகையோடும், குளிர்விக்கும் தண்ணீரோடும் வெளியேற வேண்டும். பெரும்பாலான பம்புசெட்டுகளில் பம்பின் டெலிவரி குழாயிலிருந்து ஒரு சிறு குழாய் பிரிந்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள அறைக்குள் தண்ணீரைச் செலுத்துகிறது. அது ஹெட் வழியாக வெளியே வந்து விழுகிறது. இப்படி விழும் தண்ணீரைப் பார்த்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

தண்ணீர் குறைந்து, ஆவி பறந்தால்

வெளிவரும் தண்ணீர் நூலாக இளைத்து, ஆவியோடு வந்தால் என்ஜினுக்குள் போதிய தண்ணீர் போகவில்லை என்று பொருள். முதலில் டெலிவரி குழாயைப் பாருங்கள். அங்கேயே தண்ணீர் குறைந்திருந்தால், கோடையில் கிணற்று மட்டம் இறங்கி பம்பு காற்றை உறிஞ்சுகிறது, அல்லது புட்வால்வில் குப்பை அடைத்திருக்கிறது. டெலிவரியில் தண்ணீர் தாராளமாக இருந்தால், என்ஜினுக்குப் போகும் சிறு குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பாசி, மணல், நத்தை ஓடு அடைத்திருக்கலாம். ரப்பர் குழாய் மடங்கியிருக்கலாம். கேட்வால்வை யாரேனும் மூடி வைத்திருக்கலாம்.

தண்ணீர் தாராளமாக வந்தும் ஹெட் கொதித்தால்

வெளிவரும் தண்ணீரில் சூடு குறைவாக இருந்து, சிலிண்டர் ஹெட் மட்டும் கொதித்தால் உட்புறம் உப்பு படிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். உப்புத்தன்மையுள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்துவோருக்கு இது அடிக்கடி நேரும். வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் வெள்ளைப் படிவம் போன்றதே இதுவும். இது சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தாமல் தடுத்துவிடுகிறது. அமிலம் ஊற்றி நீக்கும் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. அளவு மீறினால் அமிலம் உலோகத்தையும் அரித்துவிடும்.

தண்ணீரில் குமிழி வந்தால்

டெலிவரி தண்ணீரிலும் குமிழி இருந்தால் உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று புகுகிறது. என்ஜினிலிருந்து வரும் தண்ணீரில் மட்டும் குமிழி இருந்தால் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். மசகு எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ஜினை ஓட்டக் கூடாது.

கரும்புகை வந்தால்

சூட்டோடு கரும்புகையும் சேர்ந்தால் தண்ணீர் வழியை மட்டும் பார்த்துப் பயனில்லை. பம்பு என்ஜினின் திறனுக்கு மீறியதாக இருக்கலாம். கிளாண்ட் இறுக்கமாக இருக்கலாம். பெல்ட் அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். ஏர் கிளீனர் அடைத்திருந்தாலும், இன்ஜெக்டர் டீசலைச் சரியாகத் தூவாமல் சொட்டவிட்டாலும் கரும்புகை வரும். மசகு எண்ணெயின் அளவையும் அளவுகோலில் பார்த்துவிட வேண்டும்.

மற்ற வகை என்ஜின்கள்

தொட்டித் தண்ணீர் தானே சுற்றிவரும் அமைப்பில், தண்ணீர் மட்டம் மேல்குழாய்க்கு மேலே இருக்க வேண்டும். மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் சுழற்சி நின்றுவிடும். காற்றால் குளிரும் என்ஜின்களில் செதில்களுக்கு இடையே தூசியும் வைக்கோல் தூளும் அடையாமல் துடைத்து வர வேண்டும். என்ஜின் அறையில் காற்றோட்டம் அவசியம். புகைக்குழாய் அறைக்கு வெளியே செல்ல வேண்டும்.

சூடேறிவிட்டால் செய்ய வேண்டியது

தண்ணீர் அறவே நின்றிருந்தால் என்ஜினை உடனே நிறுத்துங்கள். தண்ணீர் வந்துகொண்டிருந்தால், அது நிற்காத அளவுக்கு வேகத்தைக் குறைத்துச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். கொதிக்கும் என்ஜின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றவே கூடாது. ஹெட் வெடித்துவிடும். ரேடியேட்டர் உள்ளவர்கள் சூடு தணியும் முன் மூடியைத் திறக்கக் கூடாது. என்ஜின் நன்கு ஆறியபின் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் வலிந்து ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே முறை.

அதிகக் குளிர்ச்சியும் நஷ்டமே

சூட்டுக்குப் பயந்து தண்ணீரை மிக அதிகமாக விடுவதும் தவறு. என்ஜின் குளிர்ந்தே ஓடினால் டீசல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் மிகும். வெளிவரும் தண்ணீர் சுமார் 60 முதல் 70 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் இருக்குமாறு வால்வைத் திருகி வைக்க வேண்டும். விரலைத் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டாம். சாதாரண வெப்பமானி ஒன்று போதும். பருவம் தொடங்குமுன் தண்ணீர் அறையின் அடித்திருகைக் கழற்றிச் சேற்றை வெளியேற்றிவிட்டால், பயிருக்குத் தண்ணீர் தேவைப்படும் நாளில் என்ஜின் காலை வாராது.