எத்தனை பந்தயத்துக்குத்தான் ஓடுவது?

வைகாசி மாதத்தில் ஒரே வாரத்தில் நாலு கல்யாணப் பத்திரிகைகள் வந்து சேருகின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய் விடுவீர்கள். இன்னொன்றுக்கு முகூர்த்த நேரத்துக்கு மட்டும் தலைகாட்டுவீர்கள். மற்றவற்றுக்கு மொய்ப் பணத்தைக் கொடுத்தனுப்பி விடுவீர்கள். நாலுக்கும் ஓடியாடி உழைக்கிறேன் என்று கிளம்பினால், நாத்தனார் மகள் கழுத்தில் தாலி ஏறும் சமயத்தில் நீங்கள் தூணில் சாய்ந்து தூங்கிக் கொண்டிருப்பீர்கள்!

காரென் ஸ்மையர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு 1995-ம் ஆண்டு இதே சங்கடம். அவரை அழைத்தவை கல்யாணங்கள் அல்ல, பந்தயங்கள்.

டிரையத்லான் என்பது முப்பந்தயம். நீந்திக் கரையேற வேண்டும். ஈரம் காயுமுன் சைக்கிளில் ஏற வேண்டும். இறங்கியதும் ஓட வேண்டும். இதில் பெரியது ஹவாய்த் தீவில் நடந்து வரும் 'அயர்ன்மேன்', அதாவது 'இரும்பு மனிதன்' பந்தயம். கடலில் 2.4 மைல் நீச்சல், எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் பொட்டல் வழியே 112 மைல் சைக்கிள், அதற்குமேல் 26.2 மைல் ஓட்டம்! எல்லாவற்றையும் 17 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். பெயர்தான் இரும்பு மனிதன். 1979-ல், இரண்டாம் ஆண்டிலேயே, லின் லெமேர் என்ற பெண்மணி கலந்து கொண்டு, ஆண்களோடு சேர்த்து எண்ணியும் ஐந்தாவதாக வந்து விட்டார். பெயரை மாற்றத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இத்தகைய பந்தயத்துக்கு மாதக் கணக்கில் பயிற்சி வேண்டும். நடுவே வேறு பந்தயங்களுக்கும் போகலாமா? போகலாம், போகவும் வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாகக் கையும் காலும் இடிபட நீந்துவதையும், சைக்கிளிலிருந்து இறங்கியதும் மரக்கட்டையாகக் கனக்கும் கால்களோடு ஓடுவதையும் வீட்டு வாசலில் பழக முடியாது. எந்தப் பானம் வயிற்றுக்கு ஒத்துக் கொள்ளும், எது குமட்டும் என்பதும் அங்கேதான் தெரியும்.

ஆனால் பந்தயத்தின் விலை அந்த ஒரு நாளோடு தீர்வதில்லை. உடம்பு தெளிவாக இருக்க வேண்டுமே என்று முன்னால் சில நாட்கள் பயிற்சியைத் தளர்த்த வேண்டும். முடிந்த பிறகு, தசைகளில் சேர்த்து வைத்திருந்த மாவுச் சத்து தீர்ந்து போயிருக்கும். நார்களில் நுண்ணிய கிழிசல்களும் இருக்கும். அவை ஆறும் வரை மறுபடி காத்திருக்க வேண்டும். பாதித் தூரப் பந்தயம் ஒன்றுக்குப் போனால் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று வாரம் போய் விடும். மாதத்துக்கு இரண்டு என்று ஒப்புக் கொண்டால் பயிற்சி எப்போது? நீச்சலும் சைக்கிளும் உடம்பை அவ்வளவாக அடிப்பதில்லை. ஓட்டம்தான் பொல்லாதது. ஹவாய்க்கு ஒரு மாதம் முன்பு 'சும்மா ஒரு மாரத்தான்' ஓடி வருகிறேன் என்பவரிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லி உட்கார வைப்பது உத்தமம்.

காரென் என்ன செய்தார்? மார்ச் மாதம் அர்ஜென்டினாவில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுகளில் குறுந்தூர முப்பந்தயத்தில் தங்கப் பதக்கம் வாங்கினார். பிறகு அக்டோபரில் ஹவாய்.

அங்கே ஏழு முறை வென்ற பௌலா நியூபி-ஃபிரேசர் முன்னால் போய்க் கொண்டிருந்தார். சைக்கிளை விட்டு இறங்கும்போது காரென் 11 நிமிஷங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார். எட்டிப் பிடிக்கிற தூரமா அது? ஆனாலும் மைலுக்கு மைல் இடைவெளி குறைந்தது. பதற்றத்தில் பௌலா, வழியில் தண்ணீரும் பானமும் கொடுக்கும் இடங்களில் வாங்கிக் குடிக்காமல் ஓடினார். எல்லைக் கோடு கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது கால்கள் தள்ளாடின. காரென் அவரைக் கடந்து சென்று வென்றார். பௌலா நடுத் தெருவில் விழுந்து விட்டார்! வெகு நேரம் கிடந்த பிறகு எழுந்து, வெறுங்காலோடு நடந்து, நாலாவதாக வந்து சேர்ந்தார். (அடுத்த வருஷமே எட்டாவது முறையாக வென்றார் என்பதையும் சொல்லி விடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கு மனசு ஆறாது.)

ஹவாய் முடிந்து ஐந்து வாரம் கழித்து மெக்சிகோவில் உள்ள கான்கூனில் உலகப் போட்டி. இது குறுந்தூரம்: சுமார் ஒரு மைல் நீச்சல், 25 மைல் சைக்கிள், ஆறு மைல் ஓட்டம். அதிலும் காரெனுக்கே வெற்றி! நெடுந்தூரம் முன்னாலும் குறுந்தூரம் பின்னாலும் அமைந்தது நல்ல வரிசை. மாதக் கணக்கில் சேர்த்த தெம்பு ஐந்து வாரத்தில் கரைந்து விடாது. ஓய்வெடுத்து, வேகத்தைக் கொஞ்சம் தீட்டிக் கொண்டால் போதும். தலைகீழாக, குறுந்தூர வேகத்தை வைத்துக் கொண்டு ஐந்து வாரத்தில் ஹவாய்க்குத் தயாராவது நடவாத காரியம்.

அப்புறம் காலம் அவரைப் படுத்திய பாட்டைக் கேளுங்கள். 1997-ல் ஜன்னல் கண்ணாடி உடைந்து தொடையின் பின்புறத் தசை அறுபட்டது. 1998-ல் பெண் குழந்தை பிறந்தது. சில மாதங்களுக்கெல்லாம் சைக்கிளில் போனவர்மீது லாரி மோதி விலா எலும்புகள் முறிந்தன. 1999-ல் தைராய்டில் புற்றுநோய் என்றார்கள். அந்த வருஷமும் ஹவாய்க்குப் போய் இரண்டாவதாக வந்தார்.

அதோடு வீட்டுக்குத் திரும்பினாரா? இல்லை. மெக்சிகோவில் இன்னொரு பந்தயம் இருந்தது; போனார். சைக்கிளிலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்தது. தைராய்டு அறுவைச் சிகிச்சை அதற்குப் பிறகுதான் நடந்தது.