"கதை எப்படி இருக்கிறது?"
பிள்ளைகளிடம் பெற்றோர் கேட்க மறந்த கேள்வி

வீட்டில் 15 வயதுப் பையன் இருக்கிறான். கையில் ஒரு புத்தகம். தலை நிமிராமல் படித்துக்கொண்டு இருக்கிறான்.

தகப்பனார் பார்க்கிறார்.

"என்னடா அது? பாடப் புத்தகமா?"

"இல்லை அப்பா. கதைப் புத்தகம்."

"பரீட்சைக்கு அதிலிருந்து கேள்வி வருமா?"

பையன் புத்தகத்தை மூடி வைக்கிறான். பேச்சு அதோடு முடிந்து போகிறது.

புதுச்சேரியில் மட்டும் அல்ல, எல்லா ஊர்களிலும் நடக்கிற காட்சிதான் இது. ஆனால் அந்தத் தகப்பனார் வேறு ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம். "கதை எப்படி இருக்கிறது?" என்பதுதான் அந்தக் கேள்வி!

அதை யாரும் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கான கதையைப் பெரியவர்கள் எழுதுகிறார்கள். பெரியவர்கள் அச்சிடுகிறார்கள். பெரியவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நல்ல கதை எது என்று பரிசு கொடுப்பவர்களும் பெரியவர்களே. படிக்கிற பிள்ளையின் கருத்து மட்டும் யாருக்கும் தெரியாது.

கேட்டால் என்ன ஆகும்? கேட்டுப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. புதுச்சேரிக்கு மிகவும் பழக்கமான நாடுதான் அது. பிரான்ஸ்!

2 ஆயிரம் நீதிபதிகள்

பிரான்சு நாட்டில் "கொங்கூர் பரிசு" என்று ஓர் இலக்கியப் பரிசு உண்டு. 1903-ம் ஆண்டு முதல் கொடுக்கப்படுகிறது. பத்துப் பேர் கொண்ட குழு பாரிஸ் நகரில் ஓர் உணவு விடுதியில் கூடி, அந்த ஆண்டின் சிறந்த நாவலைத் தேர்ந்தெடுக்கிறது. பரிசுத் தொகை வெறும் 10 யூரோ! ஆனால் பரிசு பெற்ற நாவல் லட்சக்கணக்கில் விற்கும். அந்தப் பரிசுக்கு அவ்வளவு மதிப்பு.

1988-ம் ஆண்டில் ஒரு புதுமை செய்தார்கள். "பத்துப் பெரியவர்கள் படிக்கிற அதே நாவல்களை, பள்ளிக்கூட மாணவர்களும் படிக்கட்டும். அவர்களும் ஒரு பரிசு கொடுக்கட்டும்" என்றார்கள். அதற்கு "உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கொங்கூர்" என்று பெயர். ரென் என்ற ஊரில் அது பிறந்தது.

நடக்கும் முறை இதுதான்.

ஏறத்தாழ 2 ஆயிரம் மாணவ, மாணவிகள். 15 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்கள். நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பது இல்லை. ஒரு வகுப்பைச் சேர்த்தால், அந்த வகுப்பு முழுவதும் சேரும். தொழிற்கல்வி படிக்கும் மாணவர்களும் உண்டு.

சுமார் 15 நாவல்களை இரண்டு மாதங்களில் படிக்க வேண்டும். நாவல் ஆசிரியர்களை நேரில் சந்தித்துக் கேள்வி கேட்கலாம். பிறகு வகுப்பில் வாதம் நடக்கும். வகுப்புக்கு ஒரு பிரதிநிதி. வட்டாரங்கள் தோறும் கூட்டம். கடைசியில் ரென் நகரில் மூடிய கதவுக்குள் முடிவான தேர்தல்!

தேறுவார்களா?

தொடக்கத்தில் பலருக்கும் சந்தேகம் இருந்திருக்கும். பிள்ளைகளிடம் விட்டால் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? சிரிப்புக் கதையையா? காதல் கதையையா? மெல்லிய புத்தகத்தையா?

முதல் ஆண்டே பதில் கிடைத்தது. பெரியவர்களின் குழு 1988-ல் எரிக் ஒர்சென்னா எழுதிய நாவலுக்குப் பரிசு கொடுத்தது. மாணவர்களும் அதே நாவலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்!

பிற்காலத்தில் பெரும்பாலும் மாணவர்களின் வழி தனி வழியாக இருந்தது. 2018-ல் தாவீது தியோப் என்பவரின் நாவலுக்குப் பரிசு கொடுத்தார்கள். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்ட ஆப்பிரிக்க வீரர்களின் துயரக் கதை அது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2021-ல், அதே நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குச் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. பெரியவர்களின் உலகம் பின்னால் வந்து சேர்ந்தது.

2020-ம் ஆண்டில் அவர்கள் தேர்ந்தெடுத்தது இன்னும் முக்கியமானது. கேமரூன் நாட்டைச் சேர்ந்த ஜைலி அமது அமல் எழுதிய நாவல் அது. விருப்பம் இல்லாமல் மணம் செய்து வைக்கப்படும் பெண்களின் கதை. "பொறுத்துக்கொள்" என்று ஊரே அந்தப் பெண்களுக்குப் புத்தி சொல்கிறது. அந்த ஆசிரியை 17 வயதில் 50 வயதைத் தாண்டிய ஒருவருக்குக் கட்டாயமாக மணம் செய்து வைக்கப்பட்டவர். பாரிசில் அவ்வளவாகப் பெயர் தெரியாத அவரை, பள்ளிப் பிள்ளைகள் உலகம் அறியச் செய்தார்கள்.

போர், கட்டாயக் கல்யாணம், பெண்ணின் கண்ணீர். இவைதான் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த கதைகள். விளையாட்டுக் கதைகள் அல்ல!

சினிமா எடுக்க வைத்த கடிதம்

அமெரிக்காவிலும் ஒரு சம்பவம் உண்டு.

எஸ். இ. ஹின்டன் என்பவர் பள்ளியில் படிக்கும்போதே ஒரு நாவல் எழுதினார். ஏழைப் பையன்களுக்கும் பணக்காரப் பையன்களுக்கும் நடக்கும் மோதல்தான் கதை. தன் வயதுக்காரர்களின் உண்மையான வாழ்க்கை எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்ற குறைதான் அவரை எழுதத் தூண்டியது. 1967-ல் புத்தகம் வெளிவந்தபோது ஆசிரியைக்கு வயது 18. இன்று வளரும் பிள்ளைகளுக்கென்று தனியாக எழுதப்படும் நாவல்களுக்கு அது ஒரு முன்னோடி என்கிறார்கள்.

1980-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில், மாணவர்களும் நூலக அம்மையாரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். "இந்தக் கதையைப் படமாக எடுக்க வேண்டும்" என்று கையெழுத்துப் போட்டு, பெரிய டைரக்டர் பிரான்சிஸ் கொப்போலாவுக்கு அனுப்பினார்கள். அவர் நாவலைப் படித்தார். 1983-ல் படம் வெளிவந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நன்றி சொல்லி, படத்தை அவர்களுக்கே காணிக்கை ஆக்கினார் டைரக்டர்!

புதுவையின் கதவு

இப்போது புதுச்சேரிக்கு வருவோம்.

ஆளுநர் மாளிகைக்கு அருகில் ரோமன் ரோலந்து நூலகம் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில், 1827-ம் ஆண்டில், ஆளுநர் தெபசின் தெ ரிஷ்மோன் காலத்தில் ஏற்பட்டது. தொடக்கத்தில் அது ஐரோப்பியருக்கே உரியதாக இருந்தது. பின்னரே அதன் கதவு எல்லோருக்கும் திறந்தது. பிரெஞ்சு, தமிழ், ஆங்கிலப் புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. சிறுவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு.

ரோமன் ரோலந்து பிரெஞ்சு எழுத்தாளர். 1915-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். காந்தி அடிகளின் வரலாற்றை எழுதியவர். அவருடைய நூற்றாண்டான 1966-ல் நூலகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அவருடைய புகழ் பெற்ற நாவல் "ழான் கிறிஸ்தோப்". ஒரு சிறுவன் வளர்ந்து பெரிய இசைக் கலைஞன் ஆகும் கதை! வளரும் பருவத்தின் கதையை எழுதியவர் பெயரில்தான் புதுவையின் நூலகம் நிற்கிறது.

பிள்ளைகளை மறக்காத கவிஞர்களும் புதுவையில் வாழ்ந்தார்கள். 1908 முதல் 1918 வரை இங்கே இருந்த பாரதியார், குழந்தைகளுக்கும் பாடினார். புதுவையிலேயே பிறந்த பாரதிதாசன், பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். "இளைஞர் இலக்கியம்" என்றே ஒரு நூல் எழுதினார். கரிசல் காட்டில் இருந்து வந்து புதுவையில் குடியேறி, 2021-ல் மறைந்த கி.ராஜநாராயணன், "பிஞ்சுகள்" என்ற நாவலை எழுதியவர். பறவைகளின் பின்னால் அலையும் கிராமத்துச் சிறுவனின் கதை அது. புதுவையில் பேராசிரியராக இருந்த ம.இலெ.தங்கப்பா, சிறுவர் பாடல்களுக்காக 2011-ல் சாகித்ய அகாடமியின் பால சாகித்ய விருதைப் பெற்றார்.

நூலகத்தின் கதவு திறந்துவிட்டது. ஆனால் பிள்ளைகளின் கருத்துக்கு இன்னும் கதவு திறக்கவில்லை.

தமிழில் என்ன இருக்கிறது?

"அம்புலிமாமா" 1947-ல் தொடங்கியது. "கண்ணன்" பத்திரிகை 1950-ல் வந்தது. 1972-ல் முத்து காமிக்ஸ் "இரும்புக்கை மாயாவி"யோடு புறப்பட்டது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் இவற்றைப் படித்தார்கள். பிறகு நேராகப் "பொன்னியின் செல்வ"னுக்குத் தாவினார்கள். இடையில் 13 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கென்று எழுதப்பட்ட கதை குறைவுதான்.

ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

இரா.நடராசன் எழுதிய "ஆயிஷா" ஒரு சின்னப் புத்தகம். கேள்வி கேட்கும் மாணவி ஒருத்தி. கேட்டதற்குக் கிடைப்பது அடி. அடித்தால் வலிக்காமல் இருக்க, தன் உடம்பிலேயே மருந்தைச் செலுத்திச் சோதனை செய்கிறாள். உயிரை இழக்கிறாள். படித்த ஆசிரியர்கள் எத்தனையோ பேரை அந்தக் கதை உலுக்கியது. எழுதியவருக்கு "ஆயிஷா நடராசன்" என்றே பெயர் நிலைத்துவிட்டது! பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்யும் கல்விச் சட்டம் 2009-ல் வந்தது. சட்டத்துக்கு முன்பே கதை பேசிவிட்டது.

யெஸ்.பாலபாரதியின் "மரப்பாச்சி சொன்ன ரகசியம்" 2020-ல் பால சாகித்ய விருது பெற்றது. பேசும் மரப்பாச்சிப் பொம்மை சிறுமிக்குத் துணை நிற்கிறது. பிள்ளைகளிடம் தவறாக நடந்துகொள்ளும் பெரியவர்களைப் பற்றி, பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்கிறது அந்தக் கதை. உதயசங்கர் எழுதிய "ஆதனின் பொம்மை" 2023-ல் அதே விருதைப் பெற்றது. அது பிள்ளைகளைக் கீழடிக் காலத்துக்கு அழைத்துப் போகிறது.

நல்ல புத்தகங்கள்தான். ஆனால் இந்த விருதுகளைக் கொடுப்பவர்களும் பெரியவர்களே. இவற்றைப் படித்த 14 வயதுப் பெண் என்ன நினைத்தாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பெற்றோரின் பயம்

"இப்படிப்பட்ட கதைகளைப் படித்தால் பிள்ளை கெட்டுப் போகாதா?" என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அடி, அவமானம், தொல்லை ஆகியவை புத்தகத்தில் இருந்து வருவன அல்ல. வாழ்க்கையில் இருந்து வருபவை. அவற்றை வீட்டில் சொல்லப் பிள்ளைக்கு நா எழுவதில்லை. "எனக்கு இப்படி நடந்தது" என்று சொல்வது கடினம். "அந்தக் கதையில் வரும் பெண்ணுக்கு இப்படி நடந்தது" என்று சொல்வது எளிது. கதையைப் பற்றிக் கேட்கும் தாய், சில நேரம் கதைக்கு வெளியே உள்ள செய்தியையும் கேட்டுவிடுவாள். அப்படி ஒரு செய்தி காதில் விழுந்தால் தயங்கக் கூடாது. 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் குழந்தைகளுக்கான உதவி கிடைக்கும்.

கதையைப் பற்றிய பேச்சு வெறும் பொழுதுபோக்கு அல்ல. பிள்ளையின் மனத்துக்குள் போகும் வழி அது.

என்ன செய்யலாம்?

பிரான்சு நாட்டைப் போல 2 ஆயிரம் பேர் வேண்டியது இல்லை. ஒரு வகுப்பு போதும். ஐந்து தமிழ்ப் புத்தகங்கள் போதும். சுற்றுக்கு விட்டுப் படிக்க இரண்டு மாதம். பிறகு ஒரு நாள் வாதம். எதற்குப் பிடித்தது, எதற்குப் பிடிக்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். கடைசியில் ரகசிய ஓட்டு. ஆசிரியருக்கு ஓட்டு கிடையாது! வென்ற கதையின் ஆசிரியருக்கு வகுப்பே ஒரு கடிதம் எழுதலாம்.

புதுவையில் 1826-ல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது. அரசுப் பள்ளிகளும் அதே ஊரில் இருக்கின்றன. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே கதையைப் படித்து வாதம் செய்தால் எப்படி இருக்கும்!

வீட்டிலும் செய்யலாம். ஒரு விதி மட்டும் முக்கியம். பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியராக இருந்த தனியேல் பென்னாக், படிப்பவருக்குச் சில உரிமைகள் உண்டு என்று 1992-ல் ஒரு புத்தகம் எழுதினார். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் நிறுத்துவதும் அந்த உரிமைகளில் ஒன்று. பிள்ளை "பிடிக்கவில்லை" என்று சொன்னால் கோபிக்கக் கூடாது. "ஏன்?" என்று கேட்க வேண்டும். அந்த "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் பிள்ளைக்குச் சொந்தமாகச் சிந்திக்கும் பழக்கம் வருகிறது.

பரீட்சைக் கேள்விக்கு விடை புத்தகத்தில் இருக்கிறது. "கதை எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கு விடை பிள்ளையிடம்தான் இருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கதைப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்து இருக்கலாம். பக்கத்தில் போய் உட்காருங்கள். கேட்டுப் பாருங்கள்!