சிந்தனைக்குப் பெருமூளைப் புறணி மட்டும் போதுமா?

சிந்தனை, மொழி, திட்டமிடல் ஆகியவை மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியின் பணி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், புறணி சிறிதும் சேதமடையாத நிலையிலும் ஒருவர் திடீரென நினைவு தடுமாறி, தெரிந்த சொற்களையே தேடக்கூடும். மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் பகுதியில் ஏற்படும் சிறிய பக்கவாதமே அதற்குப் போதும்.

வாசனை நீங்கலாக, ஏனைய புலன்களின் தகவல்கள் தலாமஸ் வழியாகவே புறணியை அடைகின்றன. எனினும் அது வெறும் அஞ்சல் நிலையம் அன்று. புலன் தகவல்களை மேலே அனுப்பும் நரம்பிழைகளைவிட, புறணியிலிருந்து தலாமஸுக்குத் திரும்பி வரும் இழைகளே அதிகம். எதைக் கவனிப்பது, எதை விடுவது என்பதை இரண்டும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பு முடிச்சுகளும் இக்கூட்டில் அடங்கும். புறணியிலிருந்து கிளம்பும் சமிக்ஞைகள் இவற்றைக் கடந்து, தலாமஸ் வழியாக மீண்டும் புறணிக்கே வருகின்றன. இயக்கத்துக்கு ஒரு சுற்று, சிந்தனைக்கு வேறொரு சுற்று என இவை இணையாக இயங்குவதை அலெக்சாண்டர், டிலாங், ஸ்ட்ரிக் ஆகியோர் 1986-இல் விவரித்தனர். வெறும் நடுக்க நோயாகப் பலரும் எண்ணும் பார்க்கின்சன் நோயில் திட்டமிடும் திறனும் மந்தமாவதற்கு இச்சுற்றுகளின் பாதிப்பு ஒரு காரணம்.

தலாமஸ் பக்கவாதத்தில் சிலருக்குக் கை கால் செயலிழப்பதில்லை. வாய் கோணுவதும் இல்லை. முதியவர் என்றால் வீட்டார் அதை வயதின் மறதியாக எண்ணிவிட வாய்ப்புண்டு. ஆனால் முதுமை மறதி மெல்ல மெல்ல வளர்வது. ஒரே காலையில் வருவதன்று. திடீர்க் குழப்பம் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடைப்பினால் உண்டாகும் பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து, பொதுவாக அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் செலுத்தப்படுகிறது.