முடிவுள்ள விளையாட்டும் முடிவில்லாத விளையாட்டும்



"அண்ணே, பையன் புது செல்போன் கேட்கிறான், எதை வாங்கலாம்?" இப்படியொரு கேள்வி வராமல் எனக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் கழிவதில்லை. மின்னணுக் கருவிகளின்மேல் எனக்குள்ள மோகம் நண்பர்கள் அனைவரும் அறிந்ததே. 1990களில் பிழைப்புக்காகத் திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு வந்த புதிதில், விடுமுறை நாட்களில் அறைத் தோழர்கள் கடற்கரைக்குப் போவார்கள். நானோ லேமிங்டன் ரோட்டுக்குப் போவேன். வாங்குவதற்குக் கையில் காசிருக்காது. ஆயினும் கடை கடையாக நின்று ஒவ்வொரு பொருளையும் விசாரித்து, கடைக்காரரின் பொறுமையைச் சோதித்துவிட்டுத்தான் திரும்புவேன். அந்த ஆசை இன்னும் குறையவில்லை. புதிய வீடியோ கேம் கருவியைப் பற்றிய செய்தி வந்தால், அதை முழுவதும் வாசிக்காமல் எனக்கு உறக்கம் வராது.

ஆகவே, கருவிகளை வெறுக்கிற ஒருவன் எழுதும் எச்சரிக்கையாக இதை எண்ண வேண்டாம். அவற்றை நேசிக்கிறவன், பணத்தையும் மனநிம்மதியையும் இழந்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

பதினெட்டாயிரம் ரூபாய் பாடம்

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் செல்போன் வழியே நடந்தன. என் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. என் மனைவியின் செல்போனே அவனுக்கு வகுப்பறையாயிற்று. நகரத்தில் நம் வீடுகளின் அளவு உங்களுக்குத் தெரியும். ஓடியாட முற்றம் இல்லை; கதை சொல்லத் தாத்தா பாட்டி அருகில் இல்லை. வகுப்பு முடிந்தபின் அந்தச் சிறு திரையே அவனுக்கு மைதானமும் ஆனது. நண்பர்களோடு சேர்ந்து சுடும் விளையாட்டு ஒன்றை ஆடினான். அது இலவசம் என்பதால் நானும் தடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஊரில் நடக்கவிருந்த என் தங்கை மகளின் திருமணத்துக்காகச் சேர்த்த தொகையை எடுக்கப் போனபோது கணக்கில் பதினெட்டாயிரம் ரூபாய் குறைந்திருந்தது. வங்கியின் ஏமாற்று வேலையோ என்று பதறினேன். கணக்கு விவரத்தை எடுத்துப் பார்த்தால், எண்பது ரூபாய், இருநூற்றைம்பது ரூபாய், நானூறு ரூபாய் என்று சிறுசிறு தொகைகளாக எல்லாம் அந்த இலவச விளையாட்டுக்கே போயிருந்தது! வங்கி அட்டையை அந்தச் செல்போனில் இணைத்து வைத்தவன் நான். ஓ.டி.பி. எண்ணும் அதே செல்போனுக்குத்தான் வந்தது. மகன் அந்த எண்ணை இட்டு, செய்தியை அழித்திருக்கிறான்.

கோபத்தில் கையை ஓங்கினேன். மனைவி நடுவே வந்து தடுத்தாள். "எதற்காகடா இதைச் செய்தாய்?" என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "எல்லாரும் காசு கொடுத்து வாங்கிய உடையில் வருகிறார்கள் அப்பா. நான் மட்டும் இலவச உடையில் போனால் பிச்சைக்காரன் என்று கூப்பிடுகிறார்கள்."

பெற்றோரே, நம் பிள்ளையின் பள்ளிச் சீருடை கிழிந்திருந்தால் நாம் கவனிப்போம். அவன் நாள்தோறும் போய்வருகிற இன்னொரு உலகில் அவனுடைய உடை கேலி செய்யப்பட்டதை நான் கவனிக்கவில்லை.

இலவசத்தின் விலை

அதன்பின்னரே இந்த வியாபாரம் நடக்கும் விதத்தை ஆராய்ந்தேன். முற்காலத்தில் வீடியோ கேம் ஒரு புத்தகத்தைப் போல விற்கப்பட்டது. ஒருமுறை விலை கொடுத்தால் போதும். கதை முடிந்ததும் நீங்கள் அதை மூடிவைத்தாலும் செய்தவருக்கு நட்டமில்லை. இலவச விளையாட்டின் கணக்கு வேறு. ஆடுகிறவன் மறுபடி மறுபடி திரும்பி வந்தால்தான் அதற்கு வருமானம். ஆகையால் அதற்கு முடிவே வைக்கப்படுவதில்லை.

2012இல் வெளிவந்த கேண்டி க்ரஷ் சாகாவை நம் இல்லத்தரசிகள் பலர் அறிவார்கள். அதில் ஐந்து உயிர்கள் தரப்படும். தோற்றால் ஓர் உயிர் போகும். மறு உயிர் வர அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர் காசு கொடுக்கலாம். பொறுமையின்மையே அங்கே விற்பனைச் சரக்கு. வேறு பல விளையாட்டுகளில் ரூபாயை முதலில் வைரமாகவோ நாணயமாகவோ மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள். மாற்றியபின் எவ்வளவு செலவழிக்கிறோம் என்பது பெரியவர்களுக்கே பிடிபடுவதில்லை. சிறு பிள்ளைக்கு எப்படிப் பிடிபடும்?

இது நம் வீட்டுப் பிரச்சினை மட்டுமா? இல்லை. பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளைகள் செய்த கொள்முதல்களுக்காக, குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பித்தர 2014ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. ஒருமுறை கடவுச்சொல் இட்டால் அடுத்த பதினைந்து நிமிடங்களுக்கு மறுபடி கேட்காமலே பொருள் வாங்க முடிந்ததே அங்கு எழுந்த குற்றச்சாட்டு. 2022 டிசம்பரில், ஃபோர்ட்நைட் விளையாட்டைச் செய்த எபிக் கேம்ஸ் நிறுவனம் மொத்தம் 52 கோடி டாலர் செலுத்த இணங்கியது. குழப்பமான பொத்தான் அமைப்பால் ஆடுகிறவர்களை விரும்பாத கொள்முதலுக்கு இழுத்தது, சிறுவர்களின் விவரங்களைப் பெற்றோரின் அனுமதியின்றித் திரட்டியது ஆகியவை அதன்மேல் சுமத்தப்பட்ட குற்றங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று 2018இல் பெல்ஜியம் அறிவித்தது.

நம் நாட்டிலும் 2025 ஆகஸ்டு மாதம், பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எனினும் பணம் வெல்லும் எதிர்பார்ப்பில்லாத பொழுதுபோக்கு விளையாட்டுகள் அந்தத் தடைக்குள் அடங்கா. என் மகன் உடை வாங்கியது அத்தகைய விளையாட்டில்தான். அங்கே காவல் நிற்க வேண்டியவர்கள் நாமே.

பழைய பேட்டரியின் வெற்றி

மகனிடமிருந்து விளையாட்டையே பறித்துவிடுவது எளிதாயிருந்தது. ஆனால் பறித்த இடத்தில் வைக்க என்னிடம் வேறெதுவும் இல்லை. அப்போதுதான் கேம் பாய் கருவியின் கதை நினைவுக்கு வந்தது.

1989ஆம் ஆண்டு ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் கேம் பாயை வெளியிட்டது. அதன் திரையில் வண்ணமில்லை. பச்சை கலந்த மங்கலான நான்கு சாயல்கள் மட்டுமே. அடுத்த ஆண்டு சேகா நிறுவனம் வண்ணத்திரை கொண்ட கேம் கியர் கருவியைக் கொண்டுவந்தது. பார்த்தவர் எவரும் கேம் கியரே வெல்லும் என்றிருப்பார்கள். ஆனால் அதன் ஆறு பேட்டரிகள் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். கேம் பாயோ நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக ஓடியது, விலையும் குறைவு. பின்னர் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து அது 11 கோடிக்கும் அதிகமாக விற்றது. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடியில் நின்றுவிட்டது.

கேம் பாயை உருவாக்கிய குழுவை நடத்தியவர் குன்பெய் யோகோய். நன்றாகப் பழகி விலை மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து, அதற்குப் புதிய பயன் காண வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதே நிறுவனம் 2006இல் 'வீ' என்னும் கருவியை வெளியிட்டபோதும் இதுவே நடந்தது. அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 3 கருவி 499, 599 டாலருக்கு விற்றபோது, திறனில் மிகப் பின்தங்கிய வீ 249 டாலருக்கு விற்றது. ஆயினும் 10 கோடிக்கும் அதிகமான வீடுகளில் அது நுழைந்தது. காரணம், வீடியோ கேமையே அறியாத பாட்டியும் கையை வீசி அதில் பந்து உருட்ட முடிந்தது!

2021இல் லேமிங்டன் ரோட்டுக்குப் போய், பிறர் பயன்படுத்திய ஒரு வீ கருவியை ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்தேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை எங்கள் பழைய தொலைக்காட்சியில் செருகியதும் படம் வந்தது. அந்தக் கருவிக்கான இணையக் கடை 2019ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்டது. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. வட்டைப் போட்டால் விளையாட்டு. வட்டை எடுத்தால் முடிந்தது. நடுவே எவரும் காசு கேட்பதில்லை.

முதல் நாள் வாங்குவோர் கட்டும் வரி

புதிய பொருளை முதல் நாளே வாங்கத் துடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2007 ஜூன் மாதம் முதல் ஐபோன் 599 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. செப்டம்பரிலேயே அதன் விலை 399 டாலராகக் குறைக்கப்பட்டது. வரிசையில் நின்று முதலில் வாங்கியவர்கள் கொதித்தெழுந்தபின், அவர்களுக்கு 100 டாலர் கடைச் சலுகை தரப்பட்டது. முப்பரிமாணத் தொலைக்காட்சிகள் எவ்வளவு ஆரவாரத்துடன் வந்தன! 2017க்குள் பெரிய நிறுவனங்கள் அவற்றைக் கைவிட்டன. கருவியே வேண்டாம், இணையத்தின் வழியே ஆடலாம் என்று 2019இல் கூகுள் தொடங்கிய ஸ்டேடியா சேவை 2023 ஜனவரியில் மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. ஆனால் அவர்கள் சேர்த்த விளையாட்டுகளை அந்தச் சேவையில் பிறகு ஆட முடியவில்லை.

2025 ஜூன் மாதம் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 வெளிவந்தது. நான்கே நாட்களில் 35 லட்சம் விற்றது. நல்ல கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கென விற்கப்படும் சில அட்டைகளில் விளையாட்டு இருப்பதில்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்கான திறவுகோல் மட்டுமே இருக்கிறது. பெட்டியை வாங்குமுன் அதன்மேல் எழுதியிருப்பதை வாசியுங்கள். பிளேஸ்டேஷன் 5 வாங்குவோர், வட்டு போடும் வசதியுள்ளதைத் தேர்ந்தெடுப்பது நலம். வட்டு இருந்தால் நண்பருக்கு இரவல் தரலாம். ஆடி முடித்தபின் விற்கலாம். பழையதைப் பாதி விலைக்கு வாங்கலாம். வட்டு வசதியில்லாததை வாங்கினால் ஒரே கடைக்கு ஆயுள் வாடிக்கையாளராகிவிடுவீர்கள்.

கடைக்குப் போகுமுன்

இப்போது என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இந்த விளையாட்டுக்கு முடிவு உண்டா? இதைச் செய்தவருக்குப் பணம் எப்போது கிடைக்கிறது, வாங்கும்போதா, ஆடும்போதா? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால், வாங்கலாமா வேண்டாமா என்பது தானே விளங்கிவிடும்.

மேலும் சில நடைமுறைக் குறிப்புகள்:

1. பிள்ளை பயன்படுத்தும் செல்போனில் வங்கி அட்டையையோ யு.பி.ஐ. கணக்கையோ இணைக்காதீர்கள். ஓ.டி.பி. பெரியவரின் செல்போனுக்கே வரட்டும்.

2. ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு செல்போனில் ஃபேமிலி லிங்க் என்னும் செயலி மூலம் நேர வரம்பும் வைக்கலாம்.

3. விளையாட்டின் உறைமேல் வயது வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். 'எம்' என்ற எழுத்து இருந்தால் அது பதினேழு வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு உரியது.

4. வெளிவந்து ஓராண்டு கழித்து வாங்குங்கள். குறைகள் அதற்குள் வெளிப்பட்டிருக்கும். பெரும்பாலும் விலையும் இறங்கியிருக்கும்.

5. கருவியை எல்லாரும் புழங்கும் அறையிலேயே வையுங்கள். வாரத்தில் ஒருமுறையாவது பிள்ளையோடு அமர்ந்து நீங்களும் ஆடுங்கள். தோற்றால் பரவாயில்லை!

பிள்ளையால் நிறுத்தவே முடியவில்லை, உணவையும் படிப்பையும் உறவுகளையும்விட விளையாட்டே முக்கியமாகிவிட்டது, பாதிப்பு தெரிந்தும் தொடர்கிறான் என்ற நிலை பல மாதங்களாக நீடித்தால் அடிப்பதால் பயனில்லை. உலக சுகாதார நிறுவனம் இதை ஒரு நோயாகவே தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 முதல் அப்பட்டியல் நடைமுறைக்கு வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014ஆம் ஆண்டு தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வெட்கப்பட வேண்டாம்.

தாத்தா எறிந்த பந்து

பணம் போனதால் அந்தத் திருமணத்துக்கு நான் மட்டுமே போய்வந்தேன். மனைவியும் மகனும் வீட்டிலேயே இருந்தார்கள். அந்த வருத்தம் அவனுக்கு எந்த அடியையும்விட ஆழமாகப் பதிந்தது.

மறு ஆண்டு என் தந்தை ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் எங்களோடு தங்கினார். பேரனுக்கும் அவருக்கும் பேச எதுவுமில்லாமல் முதல் இரண்டு நாட்கள் கழிந்தன. மூன்றாம் நாள் மாலை நான் வேலை முடிந்து வந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொலைக்காட்சியின் முன் நின்றிருந்தார். "தாத்தா, கையை இப்படிப் பின்னால் கொண்டுபோய் மெதுவாக வீச வேண்டும்" என்று என் மகன் அவருடைய கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தான். திரையில் பந்து உருண்டது. பத்துக் கட்டைகளும் விழுந்தன. எழுபத்திரண்டு வயதில் அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் மகன் தானாகவே கருவியை அணைத்தான். பிறகு தாத்தா பனையேறிய காலத்துக் கதைகளைச் சொல்லத் தொடங்கினார். இரவு உணவுக்கு நாங்கள் அமர்ந்தபோதும் அந்தக் கதை முடியவில்லை.