வாழ்த்து அட்டைக்கு ஒரு துணிச்சுவர்

தீபாவளி முடிந்த கையோடு சிங்கப்பூரில் கிளமெண்டி வீவக அடுக்குமாடி வீடுகளில் வாழ்த்து அட்டைகள் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கும். மின்விசிறியைக் கூட்டி வைத்தால் விழும். விருந்தாளி வரும் நாளில் இழுப்பறைக்குள் போய்விடும். ஒருவர் உட்கார்ந்து, பேனா எடுத்து, நம் பெயரை எழுதி அனுப்பிய அட்டைக்கு இதைவிட நல்ல இடம் வேண்டும். பைகள் வைத்துத் தைத்த குயில்ட் தொங்கல் அந்த இடத்தைத் தரும். தையல் மெஷின் ஓட்டத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம்.

குயில்ட் என்பது மூன்றடுக்குத் துணி. மேலே துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் லைனிங். மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல்தான் அதற்கு உயிர். ரஜாய்ப் போர்வை இந்த வகைதான். வங்காளத்துக் காந்தாவில் பஞ்சுக்குப் பதிலாகப் பழைய சேலைகளையே அடுக்கி ஓட்டுத்தையல் போடுவார்கள். நம் கோயில் தேர்களில் ஆடும் தொம்பைகளைப் பார்த்தவர்களுக்குத் துணியை வெட்டி, துணிமேல் வைத்துத் தைக்கும் வேலை புதிதல்ல.

மூன்றடுக்கு எதற்கு? ஒற்றைத் துணியில் பை தைத்து அட்டையைச் செருகினால், எடை இழுக்கும் இடத்தில் துணி தொய்ந்து பையின் வாய் பிளந்துவிடும். மூன்றையும் நெருக்கமாகச் சேர்த்துத் தைத்தால் துணிக்கு விறைப்பு வருகிறது. ஒரு பையின் எடையை முழுத் தொங்கலும் பங்கிட்டுக்கொள்கிறது.

அட்டையைப் போலவே ஒட்டுத்துணியும் செய்தி சுமந்த கதை இந்தத் தீவிலேயே உண்டு. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதம் சுமார் 400 பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கணவர்கள் அவர்களிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தார்கள். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடப் பலருக்குத் தெரியாது. அப்போது கனடாவைச் சேர்ந்த எத்தெல் மல்வேனி என்ற கைதி ஒரு யோசனை சொன்னார்: காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்குக் குயில்ட் தைத்துக் கொடுப்போம். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சதுரத் துணி. அதில் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றை எம்பிராய்டரி செய்து, பெயரையும் தைக்க வேண்டும். இப்படி, தலா 66 சதுரங்கள் கொண்ட மூன்று குயில்ட்டுகள் உருவாயின: பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானிய வீரர்களுக்கு ஒவ்வொன்று. தடுக்கப்பட்ட கடிதத்தின் வேலையை அந்தப் பெயர்கள் செய்தன: “நான் இருக்கிறேன்” என்று மதிலுக்கு அப்பால் சொல்லின. பிரிட்டிஷ் குயில்ட் இன்று லண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், மற்ற இரண்டும் கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் இருக்கின்றன. சிங்கப்பூரில் ஊசி எடுக்கும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பேன்.

இனி வேலைக்கு வருவோம். கடை அட்டைகளில் பரவலான அளவு 5க்கு 7 அங்குலம். ஆகவே தொங்கலின் அகலம் 24 அங்குலம், உயரம் 30. வரிசைக்கு 4 பைகள், 3 வரிசைகள், மொத்தம் 12 அட்டைகள். மேலே மிஞ்சும் 6 அங்குலத்தில் கோலமோ குத்துவிளக்கோ துண்டுத்துணியில் வைத்துத் தைக்கலாம். நம் ஊரில் தீபாவளிக்குப் பின் கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்று அட்டைகள் வந்துகொண்டே இருக்கும். பின்னணியை வெளிர்நிறத்தில் எடுத்தால் எல்லாப் பண்டிகைக்கும் பொருந்தும்.

பருத்தித் துணியே நல்லது. பழைய சுங்குடிச் சேலை அருமையாக உட்காரும். தேக்காவிலும் அரபு ஸ்திரீட்டிலும் துணிக்குப் பஞ்சமில்லை. எதை வாங்கினாலும் முதலில் நனைத்துக் காயப்போட்டு இஸ்திரி போடுங்கள். தைத்த பிறகு துணி சுருங்கினால் பைகள் கோணிக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நடுவில் பாலியெஸ்டர் விரிப்பு வைப்பது என் தேர்வு. அது பருத்திப் பஞ்சைப் போல ஈரம் இழுக்காது. பைக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். வெக்கையில் அட்டையின் அச்சு மையோடு ஒட்டிக்கொண்டு, இழுக்கும்போது படத்தை உரித்துவிடும்.

மூன்றடுக்கையும் ஊக்குக் குத்தி, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும். சாதாரண மெஷினின் பல் அடித்துணியை மட்டும் இழுக்கும், மேல்துணி பின்தங்கும். வாக்கிங் ஃபுட் என்ற பாதத்தை மாட்டினால் இரண்டும் சேர்ந்து நகரும்.

பைகளைக் குயில்ட் தையலுக்குப் பிறகுதான் வைக்க வேண்டும். முன்பே வைத்தால் அந்தத் தையல் பையையே மூடிவிடும். ஆறரை அங்குல அகலப் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். மடிப்புக்குள் மெல்லிய கேன்வாஸ் வைத்தால் வாய் தொங்காது. பையின் அடி வரவேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, பட்டியின் பிசிர் ஓரத்தைக் கோட்டில் வைத்து, மடிப்பு கீழே பார்க்கும்படி கால் அங்குலம் உள்ளே தள்ளித் தையுங்கள். பிறகு பட்டியை மேலே புரட்டுங்கள்: பிசிர் உள்ளே மறைந்து, மூன்றங்குலப் பை எழுந்து நிற்கும். அட்டையில் நாலு அங்குலம் வெளியே தெரியும். 6 அங்குலத்துக்கு ஒரு நெட்டுத் தையல் போட்டுப் பைகளைப் பிரியுங்கள். வாய்ப்பக்கம் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் அடியுங்கள். அட்டையைச் செருகும்போதெல்லாம் இழுபடுவது அந்த இடம்தான்.

சுற்றிலும் ஓரப்பட்டி வைத்து முடித்ததும், பின்பக்க மேலோரத்தில் கம்பு நுழைய ஒரு குழல் தைக்க வேண்டும். குழலைச் சற்றுத் தளர்வாக விடுங்கள். இறுக்கினால் கம்பின் தடிமன் முன்பக்கம் புடைத்துத் தெரியும். அட்டைகளோடு சேர்த்தும் எடை குறைவுதான், கான்கிரீட் சுவரைத் துளைக்க வேண்டாம். ஒட்டும் கொக்கிகள் இரண்டு தாங்கும்.

பின்பக்க மூலையில் உங்கள் பெயரையும் ஆண்டையும் நூலாலேயே தைத்துவிடுங்கள். மை வெளுக்கும், நூல் நிற்கும். தீபாவளி ஐப்பசியில் வருகிறது. மாலை நேரத்தில் மட்டும் தைப்பவர்கள் ஆவணியிலேயே துணியை நனைத்துவிடுங்கள். அட்டை வர வேண்டுமானால் நீங்களும் நாலு பேருக்கு எழுதிப் போடுங்கள்.